போர் வண்டி நின்ற இடம்

மனைவிக்கு எதையும் விட்டுக்கொடுப்பவன்தான் நான். டிவி ரிமோட்டை விட்டுக்கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தேன். மீன் குழம்பில் நடுத்துண்டை விட்டுக்கொடுத்துவிட்டு வால் துண்டோடு வாழப் பழகினேன். ஆனால் லாரியை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று இந்தக் கோடையில் ஒரு வைராக்கியம் எடுத்தேன். வைராக்கியம் எடுத்த அன்று எனக்கு நெஞ்சு விரிந்து பனியனே இறுக்கமாகிவிட்டது.

என் பெயர் தேவஇரக்கம். பிற்காலத்தில் இவனுக்கு இரக்கம் தேவைப்படும் என்று அப்பா தொட்டிலிலேயே கண்டுபிடித்து வைத்த பெயர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பேரிங்கைத் தடவினால் எந்த மிஷினுடையது என்று சொல்லிவிடுவேன். கண்ணைத் திறந்துகொண்டு ஒரு சேலையைப் பார்த்தால் அது புதுசா பழசா என்று சொல்லத் தெரியாது. அதனால் பட்ட பாடு தனி.

மனைவி பெயர் பரிபூரணம். அறிவு பூரணம், பொறுமை பூரணம், கோபம் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். வீட்டிலும் அவளுக்குத் தமிழ்தான். பிரிட்ஜ் என்று சொல்ல மாட்டாள், குளிர்பெட்டி என்பாள். ஒருநாள் "மின்விசிறியின் வேகக்கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள். நான் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

இனி லாரி. அய்யனார் கோவில் போகிற சாலையில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் புதருக்குள் கிடந்தது. அந்தக் காலத்தில் மலையிலிருந்து மரம் இறக்கிய லாரியாம். பேரீச்சம்பழத்துக்குப் போக வேண்டியது. நான் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. எங்கள் ஊர் நாய்க்கு மூக்கு நீளம். இந்த லாரிக்கோ மூக்கே கிடையாது. முகத்தில் யாரோ ஓங்கிக் குத்தி உள்ளே தள்ளிவிட்டது மாதிரி சப்பை. உடனே தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்து கப்பலில் அனுப்பிய ராணுவ லாரி! போனில் எத்தனை படம் பார்த்திருக்கிறேன். காம்பவுண்டுச் சுவரை இடித்து, வாசலை அகலமாக்கி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் நிறுத்தினேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பரிபூரணம் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது என்னது?"

"மிலிட்டரி லாரி."

"எந்த மிலிட்டரி? தோத்துப்போன மிலிட்டரியா?"

"ஏட்டி, இது உலகப் போர்ல ஓடுனது. கேப் நம்பர் பதிமூணு."

"பதிமூணுதானா? கதவுல மட்டுமே அதுக்கு மேல கேப்பு இருக்கே. ஓணானு உள்ள போயி வெளிய வருது."

"அந்த கேப் இல்லட்டி. டிரைவர் உக்காருத கூண்டுக்குப் பேரு கேப். பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணுன்னு மூணு தினுசு வந்துச்சு. இந்தக் கண்ணாடியப் பாரு. அடிப்பக்கம் உள்ள தள்ளி, மேல் பக்கம் முன்னால சாஞ்சு நிக்குதா? மேல பறக்குத விமானத்துக்கு வெயில் மின்னக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். அதான் பதிமூணு."

"விமானத்துக்குத் தெரியாம மறைச்சான், சரி. தெருவுல போறவியளுக்குத் தெரியாம மறைக்க வழி சொன்னானா?"

"இது ஃபோர்டா, செவர்லேயான்னு மட்டும் பாக்கணும். ஃபோர்டா இருந்தா வி எய்ட்டு."

"வெயிட்டா? ஆமா, பழைய இரும்புக்காரன் சந்தோசப்படுவான்."

"வி எட்டுட்டி. எட்டு சிலிண்டரு. ஃபோர்டு எஞ்சின்."

"எந்த போர்டு? பஞ்சாயத்து போர்டா?"

இப்படிப்பட்டவளிடம் வரலாறு பேச முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். பானட்டைத் திறந்து காட்டியிருந்தால் அவள் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பானட் துருவேறி அப்பிக்கொண்டுவிட்டது. என்ன இழுத்தும் அசையவில்லை. ஆக, உள்ளே இருப்பது எட்டா ஆறா என்பது கர்த்தருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது.

அப்படியே நாள் ஓடியது. நான் தினமும் லாரியைத் துடைத்தேன். படம் எடுத்துப் போனில் பழைய வண்டிப் பிரியர்கள் குழு ஒன்றுக்கு அனுப்பினேன். கனடாவிலிருந்து ஒருத்தர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கட்டைவிரலை நம்பி, நான் வைத்திருப்பது போர்க்கால லாரி என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். சலூனில் சொன்னேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்த இடத்தில்கூட இரண்டு வரி சொன்னேன். ஆயர் இருமினார், உட்கார்ந்துகொண்டேன்.

கோடை வந்தது. கூடவே பிரச்சினையும் வந்தது. எங்கள் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது. நகராட்சிக் குழாயில் தண்ணீர் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. பரிபூரணம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமப்பாள். நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்தவள். பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். பாவப்பட்டுக்கொண்டே லாரிக்கு கிரீஸ் போடுவேன்.

ஒருநாள் இடுப்பில் குடத்தோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"என்னால ஏலலைங்க. இடுப்பு கழந்து போகுது. நம்ம வளவுக்குள்ள ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டுருவம்."

"தாராளமா போடு" என்றேன். இரக்கம் என் பெயரிலேயே இருக்கிறதே.

நீரோட்டம் பார்க்க வ. புதுப்பட்டியிலிருந்து ஐயாதுரை என்பவர் வந்தார். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். இதுதான் கணக்கு.

"சபையில தெரிஞ்சா என்னட்டி நெனைப்பாவ?"

"தேங்காய்க்கு மதம் கெடையாது. நேத்து சட்னியில அதான் கெடந்துச்சு, வழிச்சு வழிச்சுத் தின்னிய."

ஐயாதுரை வீட்டைச் சுற்றினார். தேங்காய் படுத்தே கிடந்தது. கொல்லைப் பக்கம் போனார். தேங்காய் தூங்கியது. லாரிப் பக்கம் வந்தார். தேங்காய் புரண்டது. குனிந்து லாரிக்கு அடியில் கையை நீட்டினார். எஞ்சினுக்கு நேர் கீழே தேங்காய் விருட்டென்று எழுந்து அட்டென்ஷனில் நின்றது. ராணுவ லாரி என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

"அம்புட்டுத் தண்ணியும் இதுக்குக் கீழதான் இருக்கு. மத்த எடம் பூராம் பாறை" என்று சொல்லிவிட்டு ஐயாதுரை காப்பி குடிக்க உட்கார்ந்தார்.

பரிபூரணம் என்னைப் பார்த்தாள். நான் லாரியைப் பார்த்தேன்.

"நகத்துங்க."

"முடியாது."

"கொஞ்சம் தள்ளி அந்த வேப்பமரத்தடியில நிறுத்துனா என்ன?"

"இன்னைக்கு மரத்தடிம்ப. நாளைக்குத் தெருவுலம்ப. நாளான்னைக்குப் பேரீச்சம்பழம்ப. எனக்குத் தெரியாதா ஒன்னய? லாரி நின்ன எடத்துலதான் நிக்கும்."

அதுதான் முதலில் சொன்ன வைராக்கியம். பரிபூரணம் ஒன்றும் பேசவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அவள் பேசினால் பயப்பட மாட்டேன். பேசாவிட்டால் பயப்படுவேன். அதற்குப் பிறகு பல நாள் ரசத்தில் உப்பு இல்லை. கேட்டால், "உப்பு கரையத் தண்ணி வேணும்லா" என்றாள்.

திடீரென்று ஒருநாள் ரசத்தில் உப்பு வந்தது. கூடவே அப்பளமும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"என்னங்க, அந்த மிலிட்டரி லாரி..."

"சொல்லு."

"அத மிலிட்டரி லாரி, மிலிட்டரி லாரின்னு சொல்லுதியளே, காது கூசுது. போர் வண்டின்னு அழகா தமிழ்ல சொல்லலாம்லா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் லாரிக்கு அவள் தமிழ்ப் பெயர் வைக்கிறாள்!

"போர் வண்டி" என்று சொல்லிப் பார்த்தேன். வாய் நிறைந்தது.

"ஆங், அப்படிச் சொல்லுங்க. உண்மையிலயே போர் வண்டிதான்னா நான் ஏன் குறுக்க நிக்கப்போறேன்? வெவரம் தெரிஞ்ச ஆளக் கூட்டியாந்து காட்டுங்க. எங்க கூட வேலை பாக்குத ஆனந்தவல்லி ஆசிரியை வீட்டுக்காரர் இருக்காவல்லா, விக்னேஸ்வரன் அண்ணாச்சி. மடவார் வளாகத்துல வீடு. பட்டாளத்துல வண்டி பழுது பாத்துட்டு வந்தவிய. இந்த மாதிரிப் பழைய வண்டியெல்லாம் அவியளுக்கு அத்துபடியாம்."

"அவர் போர் வண்டின்னு சொல்லிட்டா?"

"நீங்க சொன்னதுதான் சட்டம்."

இந்த வாய்ப்பை விடுவேனா? சாட்சி வேண்டுமே. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பக்கத்து வீட்டு கௌதம்ராஜைக் கூப்பிட்டேன். டிராக்டர் வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், டிராக்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டும்.

"ஏமண்டி சார்?" என்று வந்தார்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. விக்னேஸ்வரன் வந்து போர் வண்டிதான்னு சொல்லிட்டா, அந்த எடத்துல போர் வண்டிதான் நிக்கும். யாரும் மறுபேச்சு பேசக் கூடாது. பரிபூரணம், சம்மதமா?"

"இன்னொரு தடவை தெளிவா சொல்லுங்க. எந்த எடத்துல என்ன நிக்கும்?"

"லாரி நிக்குத எடத்துல போர் வண்டி நிக்கும்!"

"சம்மதம். கேட்டுக்கிட்டியளா அண்ணாச்சி?"

கௌதம்ராஜ் கேட்டுக்கொண்டார். அவர் ஏன் மீசைக்குள் சிரித்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வீடே அமர்க்களப்பட்டது. பரிபூரணம் விடியும்போதே பஞ்சர் கடைக்காரரை வரவழைத்து லாரியின் நாலு டயருக்கும் காற்றடிக்க வைத்தாள். "வர்றவிய முன்னால வண்டி உக்காந்து கெடந்தா நமக்குத்தான அசிங்கம்?" என்றாள். எனக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை எடுத்து வைத்தாள். தலையில் எண்ணெய்கூட அவளே தேய்த்துவிட்டாள். கல்யாணத்தன்றுகூட இந்தக் கவனிப்பு இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

விக்னேஸ்வரன் வந்தார். கிருதாவோடு சேர்ந்த மீசை. கையில் ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல். வந்ததும் வணக்கம் சொல்லவில்லை; லாரிக்கு சல்யூட் அடித்தார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"சார், எங்க ரெஜிமெண்டுல இந்த வகையறா வண்டி ரெண்டக் காட்சிக்கு வச்சிருந்தாங்க. தொடச்சு, பெயிண்ட் அடிச்சு, ஓட வச்சவன் நான். கண்ணக் கட்டிவிட்டாலும் தடவிச் சொல்லிருவேன்."

"கண்ணக் கட்டாமலே சொல்லுங்க" என்றேன்.

கூண்டைச் சுற்றி வந்தார். கண்ணாடிச் சட்டத்தை விரலால் அளந்தார்.

"கூண்டு பதிமூணுதான். டீக் ஹை."

நான் பரிபூரணத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள்.

விக்னேஸ்வரன் லாரிக்கு அடியில் படுத்தார். டார்ச் வெளிச்சம் அங்கேயும் இங்கேயும் போனது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சார், முன் ஆக்ஸிலப் பாத்தியளா? நடுவுல சக்கரத்தச் சுத்திவிடுத கிரவுன் உருண்டை இருக்கு. சாதா லாரின்னா பின்னாடி மட்டும்தான் இருக்கும். இது நாலு வீலும் இழுக்குத வண்டி. சகதிக்குள்ள எறங்கி ஏறுததுக்குப் பண்ணது."

"கேட்டியாட்டி? நாலும் இழுக்கும்!"

"நம்ம வீட்டுல நான் ஒருத்திதான் இழுக்கேன்" என்றாள் பரிபூரணம்.

அடுத்து பானட். டீசல் ஊற்றி, கடப்பாரை கொடுத்து, சுத்தியலால் தட்டி, விக்னேஸ்வரன் ஒரு நெம்பு நெம்பினார். பானட் ஐயோ என்று கத்திக்கொண்டு திறந்தது. நான் சிலிண்டரை எண்ணத் தலையை உள்ளே விட்டேன். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்றிருந்தால் ஃபோர்டு. வரிசையாக ஆறு என்றிருந்தால் செவர்லே. நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். நாலோடு நின்றுவிட்டது.

"மீதி எங்க?" என்றேன்.

"மீதி கெடையாது சார். இது பிற்காலத்து டீசல் எஞ்சின். பெட்ரோல் குடிச்சுக் கட்டுபடியாகாம பழச எடுத்துப்போட்டுட்டு இத மாட்டியிருக்கான்."

என் முகத்தில் ஈயாடவில்லை. ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே. இனி சலூன் பக்கம் எப்படிப் போவேன்? முடி வெட்டாமல் சாமியாராக அலைய வேண்டியதுதான். பரிபூரணம் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்காக வாதாடினாள்!

"அண்ணாச்சி, எஞ்சின் மாறுனா வண்டி மாறிருமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அதெப்படி தங்கச்சி மாறும்? மாமா பல் கட்டிக்கிட்டா வேற மாமாவா ஆயிருவாரா? சேஸ், அதான் அடிச்சட்டம், பழசா இருந்தா வண்டி பழசுதான். ஆனா சேஸ முழுசாப் பாக்கணும்னா இங்க வச்சு முடியாது. இந்தப் பக்கம் செவரு ஒட்டிக் கெடக்கு. வெளிச்சம் இல்ல. அந்த வேப்பமரத்தடிக்கு இழுத்துட்டு வாங்க."

"டிராக்டருக்கு எங்க போக?" என்றேன். சொல்லி முடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டிராக்டர் உறுமியது. கௌதம்ராஜ் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். சங்கிலிகூடக் கையில் தயாராக இருந்தது. நல்ல காரியத்துக்கு எல்லாம் தானாகக் கூடிவருகிறது என்று நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

கூண்டுக்குள் ஏறி ஸ்டேரிங்கைப் பிடித்தேன். எஞ்சின் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ள, முட்டி தாடையை இடித்தது. போருக்குப் போனவர்கள் எதிரியின் குண்டில் செத்தார்களோ இல்லையோ, இந்த சீட்டில் பாதிப் பேர் செத்திருப்பார்கள். ஆனாலும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். டிராக்டர் இழுத்தது. லாரி முனகியது, ஆடியது, நகர்ந்தது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கையை உயர்த்தி ஒரு தளபதி மாதிரி ஏற்றுக்கொண்டேன். வேப்பமரத்தடியில் போய் லாரி நின்றது.

விக்னேஸ்வரன் சேஸைச் சுரண்டினார், தட்டினார், தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். பழைய எஞ்சினை மாட்டியிருந்த பிராக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"சேஸ் ஒரிஜினல். முன் ஆக்ஸில் ஒரிஜினல். கூண்டு ஒரிஜினல். ஃபோர்டு இல்ல சார், செவர்லே. ஆனா சத்தியமா சொல்லுதேன், இது போர் வண்டிதான்."

"பஞ்சாயத்து போர்டும் இல்லையா அண்ணாச்சி?" என்று பரிபூரணம் கேட்டது என் காதில் விழவே இல்லை. நான் ஆடிக்கொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஆடினேன். பிறகு அவள் முன்னால் போய் நின்றேன்.

"சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கா?"

"நான் மறப்பனா? அந்த எடத்துல போர் வண்டி நிக்கணும். அதான?"

"அதேதான்."

"மறுபேச்சு கெடையாதே?"

"கெடையவே கெடையாது."

பரிபூரணம் போனை எடுத்தாள். காதில் வைத்தாள். பத்துத் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"தம்பி, எடம் காலியாயிட்டு. போர் வண்டிய உள்ள கொண்டாங்க."

ஆழ்துளைக் கிணறு, ஆழ்துளைக் கிணறு என்று அத்தனை நாளும் மூச்சு வாங்கச் சொன்னவள், அன்றுதான் முதல் தடவையாக ஊர்க்காரர்கள் மாதிரி அதைப் போர் என்றாள்.

தெருமுனையில் ஒரு ஹாரன் அடித்தது. பூமி அதிர்ந்தது. முதுகில் கோபுரம் மாதிரி இரும்புச் சட்டத்தைப் படுக்கப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய லாரி திரும்பியது. அதன் பின்னாலேயே குழாய் ஏற்றிய இன்னொரு லாரி. அந்த வாசல் அவ்வளவு அகலம் யாரால்? என்னால். சுவரை இடித்து நான் அகலமாக்கிய வாசல் வழியாக அந்தக் கோபுர லாரி இடிபடாமல், உரசாமல், மாமியார் வீட்டுக்குள் நுழைகிற மாப்பிள்ளை மாதிரி நுழைந்து, ரிவர்ஸ் எடுத்து, என் லாரி நின்ற இடத்தில் கச்சிதமாக நின்றது. நெற்றியில் பெரிய எழுத்தில் போர்வெல்ஸ் என்று இருந்தது.

"ஏட்டி! நான் சொன்னது அந்தப் போர் இல்ல!"

"பொறவு எந்தப் போரு?"

"நான் சொன்னது சண்டை போடுத போரு. உதட்ட மெல்ல ஒட்டிச் சொல்லணும். நீ கொண்டாந்தது குழாய் போடுத போரு. அது வயித்துலருந்து அழுத்திச் சொல்லணும். ரெண்டும் வேற வேற!"

பரிபூரணம் கைப்பையைத் திறந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். டீச்சர் பையில் அது எப்போதும் இருக்கும். என் கையில் கொடுத்தாள். என் லாரியின் கதவைக் காட்டினாள்.

"வேற வேறன்னா எழுதிக் காட்டுங்க. ஒண்ணு சண்டைப் போரு. ஒண்ணு குழாய்ப் போரு. தமிழ்ல ரெண்டுக்கும் வேற எழுத்து இருந்தா இந்த வண்டிய இப்பவே திருப்பி அனுப்பிருதேன்."

நான் எழுதினேன். போர். அதற்குக் கீழே எழுதினேன். போர். சாக்பீஸைக் கொஞ்சம் அழுத்தி எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் தடிமனான போர் வந்தது. கௌதம்ராஜ் எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். தெலுங்கில் வேறு வேறு எழுத்து உண்டு என்றும் சொன்னார். அதனால் எனக்கு என்ன பிரயோசனம்? நான் தமிழிலல்லவா மாட்டிக்கொண்டேன்.

விக்னேஸ்வரன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதிய. சேஸ அந்த எடத்துலயே படுத்துப் பாத்துருப்பேன். மரத்தடிக்கு இழுக்கணும்னு தங்கச்சிதான் எங்க வீட்டம்மாகிட்ட சொல்லிவிட்டுச்சு. ஆனா வண்டி விஷயத்துல நான் பொய் சொல்லல. அது ஒரிஜினல்தான்."

ஜெயித்துவிட்டேன் என்று அழுவதா, தோற்றுவிட்டேன் என்று சிரிப்பதா? எதற்கும் இடம் கொடுக்காமல் அந்தப் போர் வண்டி சத்தம் போட ஆரம்பித்தது. குழாய் சுழன்றது. புகை மாதிரி தூள் பறந்தது. என் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் தேய்த்த தலை, எல்லாவற்றிலும் மாவு பூசியது. முதலில் செம்மண். பிறகு வெள்ளைக் கல்தூள். மத்தியானம் கல் ஈரமாக வந்தது. அப்புறம் சேறு. பரிபூரணம் சோறுகூடச் சாப்பிடாமல் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். தண்ணீர் வராமல் போனால் லாரி பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று ஒரு நப்பாசை. வராமல் போனால் இவள் மறுபடியும் குடம் தூக்க வேண்டுமே என்று ஒரு கவலை. இரண்டும் நெஞ்சுக்குள் மாறி மாறி இடித்தன. நேரம் ஆக ஆக, கவலைதான் கூட இடித்தது.

சாயங்காலம் பீறிட்டு அடித்தது தண்ணீர். வேப்பமரத்தின் பாதி உயரம். பரிபூரணம் அசையவில்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்தபடி நின்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. எனக்கும் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, ஒளிப்பானேன். ஆனால் தோற்றவன் உடனே சிரித்தால் மரியாதையாக இருக்காதே. முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மோட்டார் மாட்டிய மறுநாள் அவள் வீட்டிலுள்ள அத்தனை துணியையும் துவைத்தாள். நான் வேப்பமரத்தடியில் என் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எப்படியோ, லாரி ஒரிஜினல். அதுவரைக்கும் எனக்கு வெற்றிதான். அதைச் சொல்லிக் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று இருந்தபோது, பரிபூரணம் ஒரு நைலான் கயிற்றோடு வந்தாள். ஒரு முனையை லாரியின் கண்ணாடிச் சட்டத்தில் கட்டினாள். மறுமுனையைச் சுவரிலிருந்த கம்பியில் கட்டினாள்.

"என்னட்டி பண்ணுத?"

"கொடி கட்டுதேன்."

"என் போர் வண்டியிலயா?"

"போர் வண்டின்னா கொடி இல்லாமலா?"

கயிற்றை அவிழ்க்கக் கையை நீட்டினேன். அதற்குள் அவள் வாளியிலிருந்து ஒன்றை எடுத்துப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நல்ல காற்று. சப்பை மூக்குக்கு மேலே, செவர்லே கூண்டுக்கு மேலே, தெருவே பார்க்கும்படி படபடவென்று பறந்தது என் வெள்ளை வேட்டி.